குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் ஒவ்வொருவராக குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். விளம்பரத் தடுப்பான் நின்றுபோன கோபம்தான் பெரும்பாலும் காரணம். மாற்றிக் கொடுப்பது நான் என்பதால், மாறிய பிறகு "அந்தப் பக்கம் வரவில்லை, இந்தப் பட்டன் அமுங்கவில்லை" என்று வரும் அழைப்புகளும் எனக்கே. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் கணினியை மனதில் வைத்துத்தான் பதில்கள். கைப்பேசிக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. உலாவி என்றும் பிரவுசர் என்றும் மாறி மாறி எழுதுவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

குரோம் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற வேண்டும்?

உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் மாற வேண்டாம். நான் யாரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

இப்போது பலர் மாறுவதற்கு நேரடிக் காரணம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை "மேனிஃபெஸ்ட் வி3" என்ற புதிய முறைக்கு மாற்றியது. பழைய முறையில், பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே விடலாமா வேண்டாமா என்று எக்ஸ்டென்ஷன் முடிவு செய்யலாம். புதிய முறையில் அது ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; வாசலில் நிற்கும் வேலையை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். இதனால் யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பான்கள் குரோமில் முழு வடிவில் இயங்க முடியாமல் போயின. அதன் லைட் வடிவம் மட்டும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் புதிய முறையையும் ஏற்றுக்கொண்டு பழைய வசதியையும் விட்டு வைத்திருக்கிறது.

எட்ஜ், பிரேவ், ஓபரா என்று இத்தனை இருக்கின்றனவே. அவற்றில் ஒன்றுக்கு மாறினால் போதாதா?

போதும், ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள் வீடு மாறுவது. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோமுக்கு அடியில் உள்ள குரோமியம் என்ற பொது நிரலின் மேல் கட்டியவை. ஓபரா தன் சொந்த இயந்திரத்தை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்டும் தன்னுடையதைக் கைவிட்டு, குரோமியத்தில் கட்டிய புதிய எட்ஜை 2020 ஜனவரியில் வெளியிட்டது.

பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரம் என்று பார்த்தால் இன்று பரவலாக இருப்பவை மூன்றுதான்: குரோமின் பிளிங்க், ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. இதில் பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது. வெப்கிட்டோ, லினக்ஸ் உலகின் கேடிஇ திட்டத்தில் பிறந்த கேஎச்டிஎம்எல்லிலிருந்து வந்தது. ஆக அவை இரண்டும் பங்காளிகள். கெக்கோ வேறு குடும்பம், நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் வழி வந்தது.

இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், குரோமிலிருந்து பிரேவுக்குப் போனால் அநேகமாக எந்தத் தளமும் கலையாது. ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தால் இங்கொன்றும் அங்கொன்றும் கலையும். கீழே வரும் கேள்விகளில் பாதி அதிலிருந்து பிறந்தவை.

மாறிய கையோடு குரோமை நீக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸை இயல்பு பிரவுசராக வைத்துவிட்டு, குரோமை (அல்லது விண்டோஸோடு வரும் எட்ஜை) ஒரு மூலையில் விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தேவைப்படும்.

இன்னொரு எச்சரிக்கை, நானே பட்டது. முதல் தடவை மாறியபோது, எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் குரோமுக்குள் போய், சேமித்த கடவுச்சொற்களை எல்லாம் அழித்தேன். கூகுள் கணக்கோடு ஒத்திசைவு (சிங்க்) ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். கணினியில் அழித்தது கைப்பேசியிலும் அழிந்தது. மறுநாள் ரயில் டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. பழைய பிரவுசரைச் சுத்தம் செய்ய நினைத்தால் முதலில் ஒத்திசைவை நிறுத்துங்கள். நீங்கள் எதுவும் அழிக்காமல் சும்மா விட்டுவைப்பது இன்னும் நல்லது.

புக்மார்க், கடவுச்சொற்கள் எல்லாம் எப்படிக் கொண்டுவருவது?

ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் முதல் பகுதியிலேயே பிற உலாவியின் தரவைக் கொண்டுவரும் பட்டன் இருக்கிறது. குரோமை மூடிவிட்டு அதை அழுத்துங்கள். புக்மார்க்கும் வரலாறும் சிக்கலில்லாமல் வந்துவிடும். உங்கள் எக்ஸ்டென்ஷன்களில் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வடிவம் உள்ளவை சிலவற்றை அதுவே நிறுவித் தரும்.

கடவுச்சொற்கள்தான் சில நேரம் அடம்பிடிக்கும். குரோம் அவற்றைப் பூட்டி வைக்கும் முறையை இறுக்கிக்கொண்டே போகிறது. அது பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் இன்னொரு பிரவுசர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. அப்போது குரோமின் கடவுச்சொல் மேலாளரில் ஏற்றுமதி கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸின் கடவுச்சொல் பக்கத்தில், கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்து அதைக் கொடுங்கள்.

அந்த சிஎஸ்வி கோப்பில் உங்கள் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கும்படி அப்பட்டமாக இருக்கும். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். அதை வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். செய்யாதீர்கள்.

தளங்கள் உங்களை நினைவில் வைக்கப் போட்டுவைக்கும் குக்கிகள் வராது. அதாவது எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழைய வேண்டும். வங்கித் தளங்கள் "புதுக் கருவி" என்று சந்தேகப்பட்டு ஓடிபி கேட்கும். வரி கட்டும் கடைசி நாள், விண்ணப்பத்தின் கடைசி நாள், இப்படிப்பட்ட நாட்களில் பிரவுசர் மாற்றாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

பாஸ்கீகளும் சிஎஸ்வியில் வந்துவிடுமா?

வராது. பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக வருவது, எழுத்துகளால் ஆன சொல்லே இல்லை. ஒரு சாவி ஜோடி. அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் ஹலோவில் (கைரேகை, பின் எண்) சேமித்திருந்தால் அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸிலும் வேலை செய்யும். கூகுள் கடவுச்சொல் மேலாளருக்குள் சேமித்திருந்தால், அந்தத் தளத்தில் பழைய வழியாக உள்ளே போய், புதிதாக இன்னொரு பாஸ்கீ உருவாக்கிக்கொள்வதுதான் எளிது. குரோமை நீக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தளம் குரோமில் வேலை செய்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பத்துக்கு ஏழு எட்டு முறை குற்றவாளி பிரவுசரின் இயந்திரமாக இருப்பதில்லை. இது என் கணக்கு, ஆராய்ச்சி இல்லை. பெரும்பாலும் நீங்கள் போட்ட தடுப்பானோ, ஃபயர்ஃபாக்ஸ் தானாகச் செய்யும் தடுப்போதான்.

முதலில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள கேடயச் சின்னத்தைப் பாருங்கள். அதைச் சொடுக்கினால் அந்தத் தளத்துக்கு மட்டும் பின்தொடர்தல் தடுப்பை நிறுத்தலாம். நிறுத்தியதும் பக்கம் மறுபடி ஏறும். வேலை செய்துவிட்டதா, முடிந்தது கதை.

இதன் பின்னணி கொஞ்சம் சுவாரஸ்யமானது. 2022லிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் குக்கிகளைத் தனித்தனி ஜாடியில் போட்டு மூடுகிறது. முன்பெல்லாம், நீங்கள் செருப்பு பார்த்த கடையில் உட்கார்ந்திருந்த விளம்பர நிறுவனமே செய்தித் தளத்திலும் உட்கார்ந்து, "அதே ஆள்தான்" என்று உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். ஜாடி முறையில் அது முடியாது. ஆனால் நியாயமான வேலைகளும் இதே வழியில்தான் நடந்துகொண்டிருந்தன: ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தின் கருத்துப் பெட்டி, அரட்டைப் பெட்டி, "கூகுள் கணக்கால் உள்நுழைக" பட்டன், பணம் கட்டும் சட்டகம். அவற்றில் சில, பக்கத்து ஜாடி தெரியாமல் திகைத்து நின்றுவிடும். தடுப்பை "ஸ்ட்ரிக்ட்" நிலையில் வைத்திருந்தால் இது அதிகமாகும். பெரியவர்களின் கணினியில் "ஸ்டாண்டர்ட்" நிலையிலேயே விட்டுவிடுங்கள், அழைப்புகள் பாதியாகக் குறையும்.

கேடயத்தில் தீரவில்லை என்றால், பாப்-அப் தடுப்பைப் பாருங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையும் பணம் கட்டிய ரசீதும் புதிய சாளரத்தில் திறக்கும் தளங்கள் நிறைய. பக்கத்தின் மேலே ஒரு பட்டை "தடுத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

அடுத்து, உதவி மெனுவில் டிரபிள்ஷூட் மோட் என்று ஒன்று உண்டு. எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு ஃபயர்ஃபாக்ஸை மறுபடி திறக்கும். அதில் தளம் ஓடினால் உங்கள் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். அதற்கும் அசையாவிட்டால், அந்தத் தளத்தின் குக்கியையும் கேஷையும் (சேமித்து வைத்த நகல்களையும்) மட்டும் அழித்துப் பாருங்கள். முகவரியின் பக்கத்தில் பூட்டைச் சொடுக்கினால் அதற்கு வழி இருக்கும். "எல்லாவற்றையும் அழி" என்பதை அழுத்தாதீர்கள். எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே தள்ளிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் வரவில்லையா? மூலையில் வைத்த குரோமைத் திறந்து வேலையை முடியுங்கள். இது தோல்வியொன்றும் இல்லை. அப்புறம் நேரம் இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் மெனுவில் உடைந்த தளத்தைப் புகார் செய்யும் வசதி இருக்கிறது, அதில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அது எங்கே போகிறது என்று கீழே சொல்கிறேன்.

"உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை, குரோமில் திறக்கவும்" என்று வருகிறது. உண்மையிலேயே ஓடாதா?

பல தளங்களில் ஓடும். தளம் உங்கள் பிரவுசரின் திறமையைச் சோதிப்பதில்லை, பெயரைக் கேட்கிறது. பெயர் பட்டியலில் இல்லை என்றால் கதவைச் சாத்துகிறது. கதவுக்குப் பின்னால் இருக்கும் அறை எல்லோருக்கும் பொதுவானதுதான்.

ஒவ்வொரு பிரவுசரும் தளத்துக்குப் போகும்போது "யூசர் ஏஜென்ட்" என்ற ஒரு வரியில் தன் பெயரைச் சொல்லும். அந்த வரியின் வரலாறு ஒரு பொய்யின் வரலாறு. 1990களில் நெட்ஸ்கேப் "மொசில்லா" என்ற பெயரில் தன்னை அறிவித்துக்கொண்டது. அது புது வசதிகளோடு வந்ததால், மொசில்லா என்று சொன்னவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தையும் மற்றவர்களுக்கு ஏழைப் பக்கத்தையும் தளங்கள் கொடுத்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்தபோது, நல்ல பக்கம் வேண்டும் என்பதற்காகத் தானும் மொசில்லா என்றது. கேஎச்டிஎம்எல் வந்தபோது "கெக்கோ மாதிரி" என்று சேர்த்துக்கொண்டது. சஃபாரி அதையும் சேர்த்து, தன் பெயரையும் சேர்த்தது. குரோம் அத்தனையையும் அப்படியே எடுத்துக்கொண்டு கடைசியில் சஃபாரி என்றும் சொல்கிறது. இன்று உங்கள் குரோம் தளத்தின் வாசலில் நின்று சொல்வது: மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் போடுவது போல.

பெயர் பார்த்துக் கதவு திறக்கும் பழக்கத்தால் வேடிக்கைகளும் நடந்திருக்கின்றன. 2009இல் ஓபரா பத்தாம் பதிப்புக்கு வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை "1" என்று எண்ணி விரட்டின. அதனால் ஓபரா அந்த வரியில் 9.80 என்றே சொல்லிக்கொண்டு, உண்மைப் பதிப்பை வரியின் கடைசியில் ஒளித்து வைத்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 110ஆம் பதிப்பில் வேறு தொல்லை: வரியில் ஒரு இடத்தில் "11" என்ற இலக்கங்கள் தெரிந்ததும், சில தளங்கள் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று நினைத்துக்கொண்டன. அதனால் 119ஆம் பதிப்பு வரை அந்த ஒரு எண்ணை மட்டும் 109 என்றே உறைய வைத்திருந்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: யூசர் ஏஜென்ட்டை மாற்றும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் குரோம் என்று சொல்ல வையுங்கள். எல்லாத் தளத்துக்கும் போட்டுவிடாதீர்கள். குரோமுக்கு மட்டுமே உரிய நிரலை வேறு தளங்கள் அனுப்பி, நன்றாக இருந்ததும் கெடும். பணம் கட்டும் பக்கங்களில் இந்த வித்தையை நான் காட்டுவதில்லை. ஒருமுறை ஒரு கல்லூரியின் கட்டணத் தளத்தில் இப்படி உள்ளே போனேன். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பிரவுசரால்தானா என்று இன்றுவரை தெரியாது, ஆனால் பணம் கட்டித் தரக் கேட்ட மாணவரின் தந்தையிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்னவோ நான்தான்.

பக்கம் திறக்கிறது, ஆனால் கலைந்து தெரிகிறது. யார் தப்பு?

சில நேரம் தளம் எழுதியவர், சில நேரம் ஃபயர்ஃபாக்ஸ், சில நேரம் இருவருமே இல்லை.

தளம் எழுதுபவர் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடுவது வழக்கமான கதை. ஒரு காலத்தில் வெப்கிட் குடும்பத்துக்கு மட்டும் புரியும் முன்னொட்டுகளை வசதிகளின் பெயருக்கு முன்னால் போட்டே பலர் எழுதினார்கள், குறிப்பாகக் கைப்பேசித் தளங்களில். ஃபயர்ஃபாக்ஸ் எவ்வளவோ பிடிவாதம் பிடித்துப் பார்த்து, கடைசியில் 2016இல் 49ஆம் பதிப்பில் அந்த அயல் முன்னொட்டுகளைத் தானும் புரிந்துகொள்ளத் தொடங்கியது. கொள்கையைவிடப் பக்கம் சரியாகத் தெரிவது முக்கியம் என்று முடிவாயிற்று.

இன்னும் பழைய பக்கங்களில் வேறு விஷயம். எந்த விதிப்படி எழுதியது என்று பக்கத்தின் முதல் வரியில் சொல்ல வேண்டிய டாக்டைப் அறிவிப்பு இல்லாவிட்டால், எல்லா பிரவுசர்களும் "க்வர்க்ஸ் மோட்" என்ற நிலைக்குப் போய், 1990களின் பிரவுசர்கள் செய்த தவறுகளை வேண்டுமென்றே செய்து காட்டும். அப்படிச் செய்யாவிட்டால் அந்தக் காலத்துப் பக்கங்கள் சரிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோலும் ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் பக்கத் தகவலில், எந்த நிலையில் வரையப்படுகிறது என்று போட்டிருக்கும். பழைய அலுவலகத் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இனி, புகார் எங்கே போகிறது என்பது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, கம்பாட் என்று இடைவெளியின்றித் தட்டிப் பாருங்கள். ஒரு தளப் பட்டியல் வரும். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவில் இதற்கென்றே இருக்கும் குழு, புகார் வந்த தளங்களைப் பார்த்து, தளக்காரர் திருத்தும் வரைக்கும் ஃபயர்ஃபாக்ஸ் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும்படி எழுதிய திருத்தங்கள் அவை. சிலவற்றில் பெயரை மாற்றிச் சொல்லும், சிலவற்றில் ஒன்றிரண்டு வரிகளைச் செருகும். சஃபாரியின் வெப்கிட்டிலும் இதே போலத் தளம் தளமாகச் சலுகைகள் எழுதி வைத்த கோப்பு உண்டு. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லப்படும் இணையத்தில், உள்ளே இத்தனை தனிச் சலுகைகள் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷம்.

நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா எல்லோரும் சேர்ந்து 2022லிருந்து ஆண்டுதோறும் "இன்டராப்" என்ற பெயரில், எந்தெந்த வசதிகள் எல்லா இயந்திரங்களிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று பட்டியலிட்டு, வெளிப்படையாக மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்யவில்லை.

ஆடிட்டர் அலுவலகங்களிலிருந்து வரும் கேள்வி. டோக்கன் என்பது இணையத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கணினியில் செருகும் யூஎஸ்பி கருவி. முன்பு அதனோடு பேசுவதற்குப் பக்கத்துக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரல் இருந்தது. அதற்குத் தேவையான பழைய பிளகின் வழியை குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் மூடிவிட்டன. அதற்குப் பதிலாக, பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரலைக் கணினியில் நிறுவச் சொல்கிறார்கள். தளம் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் அந்த நிரலோடு பேசும். பேசுவதற்கு அந்த நிரல் தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றைக் காட்டும்.

இங்கேதான் வித்தியாசம். குரோமும் எட்ஜும் விண்டோஸில் நிறுவிய சான்றிதழ்களை நம்பும். ஃபயர்ஃபாக்ஸுக்கு நம்பகமானவர்களின் பட்டியல் சொந்தமாக உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியின் கீழே, சான்றிதழ்கள் என்ற இடத்தில், நீங்கள் நிறுவிய வெளிச் சான்றிதழ்களையும் நம்பலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். அது டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அப்படியும் பேசவில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு எட்ஜைப் பயன்படுத்துங்கள். அலுவலகத்தில் வேலை நடக்க வேண்டும், கொள்கைச் சண்டை வேண்டாம்.

"இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்" என்று இன்னும் கேட்கும் தளத்துக்கு என்ன செய்வது?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றது. அதன் ஆவி எட்ஜுக்குள் குடியிருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் இயல்பு பிரவுசர் பகுதிக்குப் போய், தளங்களை எக்ஸ்ப்ளோரர் நிலையில் திறக்க அனுமதி கொடுத்தால், அந்தப் பக்கத்தைப் பழைய இயந்திரத்திலேயே ஓட்டும். சேர்த்த பக்கத்துக்கு 30 நாள்தான் ஆயுள். பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். குறைந்தது 2029 வரை இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு வழியே இல்லை.

தமிழ் எழுத்துகள் குரோமில் இருந்ததைவிடச் சின்னதாக, வேறு மாதிரி தெரிகின்றனவே?

தளம் தனக்கென்று தமிழ் எழுத்துரு கொடுக்காதபோது, எதைப் போடுவது என்று பிரவுசர்தான் முடிவு செய்யும். விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா என்று பல இருக்கின்றன. குரோம் ஒன்றை எடுக்கலாம், ஃபயர்ஃபாக்ஸ் இன்னொன்றை எடுக்கலாம். விஜயா அதே அளவில் சிறியதாகத் தெரியும்.

இதில் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் ஒரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. செட்டிங்ஸில் எழுத்துருக்கள் என்ற இடத்தில் அட்வான்ஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மேலே எந்த மொழிக்கு என்று ஒரு பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்து, தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவும் தனி அளவும் வைக்கலாம். ஆங்கிலம் இருந்தபடி இருக்கும். குரோமின் செட்டிங்ஸில் இப்படி மொழிவாரியாகப் பிரிக்க இடமில்லை. குறைந்தபட்ச அளவு என்ற கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டால், எந்தத் தளமும் அதற்குக் கீழே போக முடியாது. அம்மாவின் கணினியில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அங்கேயே, தளங்கள் தம் எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதி என்ற டிக்கை எடுத்துவிட ஆசை வரும். எடுக்காதீர்கள். பல தளங்களில் பட்டன் சின்னங்கள்கூட எழுத்துருவாகத்தான் வருகின்றன. எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

பழைய தமிழ்த் தளங்களைத் திறந்தால் முக்கால் பின்னமும் ஐரோப்பிய எழுத்துமாக வருகிறது. குரோமிலும் அப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸ் சரி செய்யுமா?

செய்யாது. ஆனால் கேள்வி எனக்குப் பிடித்தது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழை ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்துத்தான் எழுதினோம். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் "த" உட்கார்ந்த இடம், பிரவுசரின் கணக்கில் முக்கால் பின்னக் குறி. அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பின்னம். தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த டேப், டேம் குறியீடுகளும் இதே வகை. செய்தித்தாள்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. வாசகர் அதை இறக்கி நிறுவத் தேவையில்லாமல் பக்கத்தோடே அனுப்பும் வழியும் அப்போது இருந்தது: எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகைக் கோப்பு. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் செய்து வைத்த தளங்களை 2004இல் புதிதாக வந்த ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் ஒரே குப்பை. "இந்தத் தளம் இந்த பிரவுசரில் வராது" என்ற அனுபவம் தமிழ் வாசகருக்குப் புதிதில்லை.

அந்தக் குறையைப் போக்க ஃபயர்ஃபாக்ஸுக்கு பத்மா என்றொரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருந்தது. தெலுங்கு, தமிழ் முதலான மொழிகளின் பழைய குறியீடுகளைப் பக்கம் திறக்கும்போதே யூனிகோடாக மாற்றிக் காட்டும். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் பழைய வகை நீட்சிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கைவிட்டபோது அப்படிப்பட்ட பல நல்ல கருவிகளுக்கு வழி அடைபட்டது. குரோமைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று செய்யக்கூடியது, அந்த எழுத்துகளை நகலெடுத்து ஒரு குறியீடு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்குவது. பழைய நூல் தேடுபவர் என்றால் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பில் யூனிகோடு வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெனுவில் எழுத்துக் குறியாக்கத்தைச் சீர்செய் என்று ஒன்று இருக்கும். அது யூனிகோடு போன்று பிரவுசர் அறிந்த குறியாக்கம் தவறாக அறிவிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான் உதவும், திஸ்கிக்கு உதவாது.

ஓடிடி தளத்தில் படம் ஓடவில்லை.

முதல் தடவை டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ளடக்கத்துக்கு அனுமதி கேட்கும், கொடுங்கள். ஓடும். படத்தின் தெளிவு எட்ஜைவிடக் குறைவாக இருக்கலாம். அது தளக்காரர்கள் போட்ட விதி.

ஆர்டுயினோ மின்னணுப் பலகை, கீபோர்டு போன்றவற்றை பிரவுசர் வழியாக இணைக்கும் தளங்கள் ஓடுமா?

தளம் நேராகக் கருவியோடு பேசப் பயன்படும் வெப் யூஎஸ்பி, வெப் புளூடூத் வசதிகள் இரண்டையும் ஃபயர்ஃபாக்ஸ் தரவில்லை, சஃபாரியும் தரவில்லை. ஒரு வலைத்தளம் உங்கள் கருவியைத் தொடுவது ஆபத்து என்பது மொசில்லாவின் வாதம். குரோமையோ எட்ஜையோ திறந்து வேலையை முடியுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் ரேம் குறைவாகத் தின்னுமாமே?

நூறு டேப் திறந்தால் எதுவும் தின்னும். பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். விளம்பரங்களை நிறுத்தினால் பக்கம் லேசாகும், அந்த வேகத்தைத்தான் பலர் பிரவுசரின் வேகம் என்று நினைக்கிறார்கள்.

கைப்பேசியிலும் மாற்ற வேண்டுமா?

ஆண்ட்ராய்டில் மாற்றினால் பலன் உண்டு. 2023 டிசம்பரிலிருந்து ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்களுக்குப் பரவலாகக் கதவு திறந்துவிட்டார்கள். கணினியில் போடும் அதே தடுப்பானைக் கைப்பேசியிலும் போடலாம். ஐஃபோனில் கதை வேறு. ஆப்பிளின் விதிப்படி நம் ஊரில் அங்கே எல்லா பிரவுசர்களும் வெப்கிட்டைத்தான் உள்ளே வைக்க வேண்டும். ஐஃபோனில் ஃபயர்ஃபாக்ஸ் என்பது சஃபாரிக்கு வேறு சட்டை. புக்மார்க் ஒத்திசைவு வேண்டுமென்றால் போடுங்கள்.

ஒத்திசைவு என்றதும் ஒரு குறிப்பு. மொசில்லா கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டுதான் உங்கள் தரவு பூட்டப்படுகிறது. அதை மறந்து, மீட்புச் சாவியும் இல்லாமல் புதிதாக மாற்றினால், சர்வரில் இருக்கும் தரவு அழிந்துவிடும். மீட்புச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

என் கணினி விண்டோஸ் 7. முடியுமா?

குரோம் அதற்கு 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 115ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் கடைசி. வங்கி வேலைக்கு அந்தக் கணினியை நான் பயன்படுத்த மாட்டேன்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால்?

குரோமை நீக்காமல் வைத்திருந்தால் திரும்பிப் போவது ஐந்து நிமிட வேலை. விண்டோஸ் செட்டிங்ஸில் இயல்பு பிரவுசரை மாற்றுங்கள்; இடையில் சேர்ந்த புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து குரோமில் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த கடவுச்சொற்களுக்கு மறுபடி அதே சிஎஸ்வி. அதை இந்தத் தடவையும் அழிக்க மறக்காதீர்கள்.